அனிமேக்கு மார்க் போடும்போது ருசி எங்கே நுழைகிறது

முஷிஷி என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்த ஒருவர் பத்துக்கு 6 போடுகிறார். காரணம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கல" என்கிறார். அதே 26 எபிசோடுக்கு 10 போட்ட இன்னொருவரைக் கேட்டால், "ஒண்ணுமே நடக்காது, அதுதான் அழகு" என்கிறார். இரண்டு பேர் கண்ணிலும் பட்டது ஒரே விஷயம். நடுவில் நாலு மார்க் வித்தியாசம்.

2005-இல் வந்த அதன் முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். மலைக்காட்டு வீட்டில் ஷின்ரா என்ற சிறுவன் தனியாக இருக்கிறான். அவன் இடது கையால் எதை வரைந்தாலும் அது உயிர் பெற்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத முஷி என்ற உயிர்களை ஆராய்ந்தபடி ஊர் ஊராக அலையும் கதாநாயகன் கின்கோ அவனைப் பார்க்க வருகிறார். அந்த வீட்டில் ஷின்ராவின் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு உருவமும் இருக்கிறது. அவனுடைய பாட்டியின் பாதி. சின்ன வயதில் ஒரு விருந்தில் அவர் கையிலிருந்த பச்சைக் கிண்ணம் உடைந்து, அதிலிருந்த பானத்தில் பாதியைத்தான் குடிக்க முடிந்தது. அதனால் அவரில் ஒரு பாதி அப்படியே அந்த வீட்டில் தங்கிவிட்டது. கின்கோ கேட்டுக்கொள்ள, ஷின்ரா கிண்ணத்தின் மறுபாதியை வரைகிறான். கிண்ணம் சேர்கிறது, மீதி பானம் உள்ளே போகிறது, பாட்டி முழுமையாகிறார். சண்டை இல்லை, எதிரி இல்லை, அவசரமும் இல்லை.

சண்டைத் தொடர்களில் பழகிய கண், காட்டுக்குள் கின்கோ நடந்து வரும்போதே ஆபத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இருபது நிமிடமும் அந்தக் காத்திருப்பிலேயே போய்விடும். கடைசியில் கிண்ணம் சேரும் காட்சி, 'இவ்வளவுதானா' என்று மனதில் விழும். அந்த ஏமாற்றம்தான் 6 ஆகிறது. ரசத்தை வாயில் வைத்துவிட்டு சாம்பார் மாதிரி கெட்டியாக இல்லையே என்று சொல்வதற்குச் சமம் இது.

பத்துக்கு இவ்வளவு என்று நாம் போடும் ஒரே எண்ணுக்குள் இரண்டு பதில்கள் ஒட்டிக்கிடக்கின்றன. இந்தப் படைப்பு செய்ய வந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தது என்பது ஒன்று. அந்த மாதிரி வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவதை அழிக்க முடியாது. அழிக்கவும் வேண்டாம், ருசி இல்லாதவர் போடும் மார்க் யாருக்குப் பயன்? ஆனால் அது எவ்வளவு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். நூறு தொடர் பார்த்த எவருடைய பட்டியலிலும் அதற்கான தகவல் ஏற்கனவே இருக்கிறது.

முதலில் வகை என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஷோனென் (சிறுவர்), ஷோஜோ (சிறுமியர்), செய்னென் (வளர்ந்த ஆண்கள்), ஜோசெய் (வளர்ந்த பெண்கள்) ஆகிய நான்கும் கதை வகைகள் அல்ல. மூல மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, எந்த வயது, எந்தப் பால் வாசகருக்கான இதழில் வந்தது என்பதற்கான அடையாளங்கள். டெத் நோட் வந்தது வீக்லி ஷோனென் ஜம்ப்பில். அதில் கைகலப்பு அபூர்வம், இரண்டு மூளைகள் மோதிக்கொள்வதுதான் கதை. ஆகவே "எனக்கு ஷோனென் பிடிக்காது" என்று ஒருவர் சொன்னால், நீண்ட சண்டைகள் பிடிக்காதா, போட்டித் தொடர் அமைப்பு பிடிக்காதா, நட்பைப் பற்றிய சொற்பொழிவுகள் பிடிக்காதா என்று ஒரு படி இறங்கிக் கேட்க வேண்டும். அதில்தான் உண்மையான ருசி தெரியும்.

அனிமே தளங்கள் ஒட்டும் வகைப் பெயர்களும் முழுதாக உதவாது. ஃப்ரீரென் என்ற தொடருக்கு சாகசம், ஃபேன்டஸி என்று போட்டிருப்பார்கள். அசுர ராஜாவைத் தோற்கடித்துவிட்டு வீரர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. பெரும்பகுதி பிரிவையும் நினைவையும் பற்றியது. சாகசம் என்ற பலகையை நம்பி வந்தவர் போடும் 7-உம், பிரிவின் கதை என்று தெரிந்து உட்கார்ந்தவர் போடும் 7-உம் ஒன்றல்ல. அதனால் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் நீங்களே ஒரே ஒரு அடையாளம் வையுங்கள்: முதல் மூன்று எபிசோடில் இது எனக்கு என்ன தருவதாக வாக்குக் கொடுத்தது? சிரிப்பா, புதிரா, அமைதியா, வெற்றியின் பரபரப்பா, காதலா, பயமா? எட்டு, பத்து அடையாளங்களுக்கு மேல் போகாதீர்கள். இருபது வகை வைத்தால் ஒவ்வொன்றிலும் மூன்று தொடர்தான் விழும், அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

பார்க்கும் வேகத்திலும் ருசி நுழைகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிடித்த வகையை அதற்கேற்ற வேகத்தில் பார்ப்போம். பிடிக்காத வகையை 'முடித்தால் போதும்' என்று பார்ப்போம். முஷிஷி மாதிரி எபிசோடுக்கு ஒரு தனிக்கதை சொல்லும் தொடரை ஒரே மூச்சில் ஆறேழு ஓட்டினால் நான்காவதிலேயே அமைப்பு கண்ணில் உறுத்தும்: ஊர், நோய், கின்கோ வருகை, விளக்கம், விடை. ஒவ்வொரு எபிசோடுக்கும் முடிவு இசையைத் தனித்தனியாக அமைத்திருக்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தாவினால், கதை மனதில் இறங்குவதற்காக அவர்கள் வைத்த இடைவெளியே போய்விடுகிறது. இரவுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆரியா, யுரு கேம்ப் போன்ற இயாஷிகெய் தொடர்களுக்கும் இதே அளவுதான். இயாஷிகெய் என்றால் மனதை ஆற்றுவதற்கென்றே எடுக்கப்படுபவை. புதிர்க் கதைகளுக்கு நேர் எதிர்: வாரம் ஒன்று என்று பார்த்தால் இரண்டாம் எபிசோடில் வைத்த துப்பு ஒன்பதாம் எபிசோடில் நினைவிருக்காது. மூன்று நான்கு சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியதற்கு மார்க் போடவே வேண்டாம். மௌனத்தை நம்பி நிற்கும் காட்சிகள் அதில் முதலில் சாகும். நகைச்சுவையின் டைமிங் அடுத்தது.

நகைச்சுவைக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஜப்பானிய நகைச்சுவையில் ஒருவர் அபத்தமாக ஏதோ சொல்ல, மற்றவர் அடுத்த நொடியே அதைக் கண்டிக்கும் போக்கே-ட்சுக்கோமி அமைப்பு அதிகம். சப்டைட்டிலில் முழு வரியும் குரல் முடிவதற்கு முன்பே திரையில் வந்துவிடும். கண் முந்திப் படித்துவிடும். குரல் வரும்போது சிரிப்பு பழசாகிவிட்டிருக்கும். கின்டமா என்ற நகைச்சுவைத் தொடரில் ஜப்பானியத் தொலைக்காட்சியையும் பிற மங்காக்களையும் கேலி செய்யும் இடங்கள் ஏராளம். அவை தெரியாதவருக்கு அந்த இடங்கள் வெறும் சத்தம். ஆகவே உங்கள் பட்டியலில் நகைச்சுவைக்கெல்லாம் மார்க் குறைவாக இருந்தால், ருசிதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நன்றாகத் தெரிந்த மொழியில் டப் இருக்கும் ஒரு நகைச்சுவைத் தொடரை இரண்டு எபிசோடு அப்படிப் பாருங்கள். சிரிப்பு வந்தால், மார்க்கைக் குறைத்தது சப்டைட்டில்.

அடுத்தது அளவுகோல். கதை, பாத்திரங்கள், காட்சி, ஒலி, ரசனை என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் கொடுத்து சராசரி எடுப்பது நியாயமான முறையாகத் தோன்றும். அனிமே பட்டியல் தளமான அனிலிஸ்ட்டில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு, அதை இயக்கினால் இந்த ஐந்தும் வரும். ஆனால் எல்லா வகைக்கும் ஒரே கட்டங்களை ஒரே எடையில் வைத்தால், உங்கள் ருசியைக் கணக்கு என்ற பெயரில் உள்ளே விட்டுவிடுகிறீர்கள். நிச்சிஜோவுக்கு 'கதை' கட்டத்தில் என்ன போடுவது? பள்ளிக்கூடத்து அன்றாடத் துணுக்குகளைக் கோத்த 26 எபிசோடு அது. தொடர்கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தக் கட்டத்தில் 5 போட்டால், அந்தத் தொடர் செய்ய வராத வேலைக்காக அதைத் தண்டிக்கிறீர்கள்.

யுரு கேம்ப் முதல் எபிசோடைப் பாருங்கள். மோட்டோசு ஏரிக்கரையில் ரின் தனியாகக் கூடாரம் போடுகிறாள். அப்போதைய ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த ஃபியூஜி மலையை நேரில் பார்க்க சைக்கிள் மிதித்து வந்த நடேஷிகோ, களைப்பில் தூங்கிப்போய் இருட்டில் மாட்டிக்கொள்கிறாள். ரின் அவளுக்கு ஒரு கறி கப் நூடுல்ஸ் கொடுக்கிறாள். இருவரும் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதிச் சாப்பிடுகிறார்கள். பகலெல்லாம் மேகம் மறைத்திருந்த மலை, இரவில் மேகம் விலகி நிலா வெளிச்சத்தில் தெரிகிறது. 'கதை' என்று பார்த்தால் இதில் நாலு வரிகூடத் தேறாது. இந்த எபிசோடுக்குக் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு: குளிர் உங்களுக்கு உறைத்ததா, சூடு உறைத்ததா? மலை தெரியும் நொடிக்காக நீங்களும் காத்திருந்தீர்களா? பேச்சில்லாத இடங்களில் கை ஃபோனைத் தேடியதா?

வகைக்கு மூன்று கேள்வி போதும், ஐந்து கட்டத்தைவிட இது நன்றாக வேலை செய்யும். புதிர்க் கதைக்கு: விடை தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால் துப்புகள் முன்பே வைக்கப்பட்டிருந்தனவா, தகவலை மறைத்தது கதையா அல்லது இயக்குநரின் தந்திரமா, விடை வந்தபின்னும் பாத்திரங்கள் மேல் அக்கறை மிஞ்சியதா. விளையாட்டுத் தொடருக்கு: ஆட்டத்தின் விதி தெரியாதவருக்கும் ஒரு புள்ளியின் முக்கியத்துவம் புரிந்ததா, எதிரணிக்கும் ஜெயிக்கக் காரணம் இருந்ததா, ஆட்டம் நீண்டது பரபரப்புக்காகவா எபிசோடை நிரப்பவா. ஹைக்யூ எதிரணியைச் செதுக்குவதில் மிக நல்ல உதாரணம். பிங் பாங் 11 எபிசோடில் அதையே இன்னும் சுருக்கமாகச் செய்கிறது. பிங் பாங்கின் கோணல்மாணல் கோடுகளைப் பார்த்ததுமே 'காட்சி 5' என்று போடுபவர்கள் உண்டு. பந்தின் வேகமும் ஆடுபவரின் பதற்றமும் அந்தக் கோடுகளில்தான் இருக்கின்றன என்பதை இரண்டாவது ஆட்டத்துக்குள் கவனித்துவிட்டால் அந்த 5 நிற்காது. காதல் கதைக்கு: உறவு நகர்ந்ததா, தடை பாத்திரத்தின் குணத்திலிருந்து வந்ததா அல்லது வெறும் தவறான புரிதலை இழுத்ததா, மற்றவர் இல்லாத காட்சிகளிலும் இருவரும் முழு மனிதர்களாக இருந்தார்களா. சண்டைத் தொடருக்கு: யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிந்ததா, ஜெயித்ததற்கு விலை கொடுத்தார்களா, சக்தியின் வரம்பை முன்பே சொன்னார்களா அல்லது தோற்கும் நிலையில் புதிதாகக் கண்டுபிடித்தார்களா.

அழ வைத்தால் 9 என்பது எழுதாத விதியாகவே இருக்கிறது. கிளனாட் தொடரின் இரண்டாம் சீசனான கிளனாட் ஆஃப்டர் ஸ்டோரி அழ வைக்கும். அந்த அழுகைக்குத் தகுதியும் உண்டு, ஏனென்றால் அதற்கு முன் ஒரு முழு சீசனும் இதில் பாதியும் ஒரு குடும்பத்தை மெதுவாகக் கட்டுகின்றன. ஆனால் மூன்று எபிசோடில் அறிமுகமாகி நாலாவதில் இறந்துபோகும் பாத்திரத்துக்கும் கண்ணீர் வரும். பியானோவும் மழையும் போதும். சோகக் கதைக்குப் போட்ட மார்க்கை 30 நாள் கழித்து ஒருமுறை திறந்து பாருங்கள். மற்ற வகைகளைவிட இதில்தான் இறக்கம் அதிகம் தெரியும் என்பது என் கணிப்பு. அமைதியான தொடர்கள் அதே 30 நாளில் அரை மார்க் ஏறுவதும் சகஜம்.

வகை பிடிக்காதவர்கள் ஒரு படைப்பை அளவுக்கு மீறித் தூக்கிவிடுவதும் உண்டு. 2011-இல் வந்த மடோக்கா மஜிக்காவுக்கு, "எனக்கு மந்திரச் சிறுமி கதைகளே பிடிக்காது, ஆனா இது வேற மாதிரி" என்று 10 போடுபவர்களைப் பார்க்கலாம். மடோக்கா உயர்ந்த படைப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பகுதி, 'இந்த வகையில் மரணமும் இழப்பும் வராது' என்ற நம்பிக்கை உடைந்ததற்காகக் கொடுத்தது. ஆனால் அதே மந்திரச் சிறுமி வகையில் வந்த சைலர் மூன் முதல் சீசனின் 45-ஆம் எபிசோடில் சைலர் மூனின் தோழியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக இறக்கிறார்கள். அது வந்தது 1993-இல். எவாஞ்சலியன் மெக்கா (ராட்சத ரோபோ) வகையை உடைத்தது என்பவர்கள், 1979-இன் குண்டம் தொடரிலேயே அமுரோ ரோபோவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். வகையை அறியாதவருக்கு ஒவ்வொன்றும் முதல் முறை. முதன்முதலாகப் பார்த்த காலப்பயணக் கதைக்கு 10 போட்டிருந்தால், அதே வகையில் மூன்றாவதைப் பார்த்து முடித்ததும் முதலாவதின் மார்க்கை எடுத்து மறுபடி யோசியுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்டைன்ஸ் கேட் போன்றவை அந்த ஒப்பீட்டில் இன்னும் உறுதியாகவே நிற்கும்.

பாதியில் விட்டவற்றுக்கு எண் போடாதீர்கள். எந்த எபிசோடில், எதனால் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மைஅனிமேலிஸ்ட் தளத்திலும் ஒரு தொடரில் ஐந்தில் ஒரு பங்காவது பார்த்திருந்தால்தான் உங்கள் மார்க் பொதுக் கணக்கில் சேரும். 24 எபிசோடு என்றால் ஐந்து. 'மூன்று எபிசோடு பார், பிடிக்கவில்லை என்றால் விடு' என்ற விதி 12 எபிசோடு தொடருக்குச் சரி. ஸ்டைன்ஸ் கேட் 24 எபிசோடு. கதை திரும்புவது 12-இல். அதற்கு முன் வரும் வெட்டிப்பேச்சும் மைக்ரோவேவ் சோதனைகளும்தான் அந்தத் திருப்பத்துக்கு வலி கொடுக்கின்றன. மெதுவாக ஏறும் கதை உங்களுக்கு ஒத்துவராது என்றால் ஐந்தில் விடுங்கள், தப்பே இல்லை. 4 போட்டுவிட்டு விடாதீர்கள்.

இனி கணக்கு. முடித்த தொடர்கள் 50-ஆவது இருந்தால் தொடங்கலாம். ஒரு தாளில் அல்லது ஸ்ப்ரெட்ஷீட்டில் நாலு பத்தி: பெயர், நீங்கள் வைத்த வகை அடையாளம், உங்கள் மார்க், தளத்தின் பொது சராசரி. ஐந்தாவது பத்தியில் உங்கள் மார்க்கிலிருந்து பொது சராசரியைக் கழித்து எழுதுங்கள். வெறுமனே வகைவாரியாக உங்கள் மார்க்கைச் சராசரி எடுத்தால் ஏமாறுவீர்கள். பிடிக்காத வகையில் ஊரே புகழ்ந்த ஐந்தாறை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள், பிடித்த வகையில் சுமாரானவற்றையும் அள்ளிப் பார்த்திருப்பீர்கள். கழித்தால் அந்தக் கோணல் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு உதாரணம். 60 தொடர்கள், உங்கள் மொத்தச் சராசரி 7.4, அதே 60-க்குப் பொது சராசரி 7.6. ஆகவே நீங்கள் பொதுவாகவே 0.2 கறார். நகைச்சுவை பத்து: உங்களுடையது 6.4, பொது 7.5, வித்தியாசம் −1.1. அதில் பொதுவான கறார்த்தனம் 0.2-ஐ நீக்கினால் −0.9. உளவியல் த்ரில்லர் ஒன்பது: உங்களுடையது 8.6, பொது 8.1, வித்தியாசம் +0.5, கறார்த்தனத்தைச் சேர்த்தால் +0.7. இப்போது நீங்கள் 7 போட்ட ஒரு நகைச்சுவையையும் 7 போட்ட ஒரு த்ரில்லரையும் பக்கத்தில் வையுங்கள். ருசியை விலக்கினால் முதலாவது 7.9, இரண்டாவது 6.3. ஒரே எண்ணுக்குள் 1.6 இடைவெளி ஒளிந்திருக்கிறது.

எட்டுக்குக் குறைவாகப் பார்த்த வகைக்குச் சராசரி வேண்டாம். வித்தியாசங்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், அதையும் அரைகுறையாகவே நம்புங்கள். 0.5-க்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். 1-ஐத் தாண்டினால் அது நிச்சயம் பேசும். இரண்டாம், மூன்றாம் சீசன்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் சீசன் பிடிக்காதவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், அடுத்ததற்கு மார்க் போடுபவர்கள் எல்லாம் ஏற்கனவே ரசிகர்கள். கின்டமாவின் பிந்தைய சீசன்கள் மைஅனிமேலிஸ்ட் உச்சிப் பட்டியலில் கூட்டமாக நிற்பதற்கு அவற்றின் தரம் ஒரு காரணம், இந்த வடிகட்டல் இன்னொரு காரணம். அதே வடிகட்டல் சிறு வகைகளிலும் நடக்கும்: ஆரியாவுக்கு மார்க் போட்டவர்களில் பெரும்பாலானோர் அந்த வகையைத் தேடி வந்தவர்கள். அதனால் இயாஷிகெய்யில் உங்களுக்கு −1 வந்தால், உங்கள் ருசியின் நிஜமான இழுப்பு அந்த 1-ஐவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு முடிந்தபின் பழைய மார்க்குகளைத் திருத்தத் தோன்றும். செய்ய வேண்டாம். உங்கள் 6 உங்கள் 6-ஆகவே இருக்கட்டும். குறிப்புப் பகுதியில் மட்டும் இரண்டாவது எண்ணை எழுதுங்கள். புதிதாக முடிப்பவற்றுக்கு வரிசை முக்கியம்: கடைசி எபிசோடு முடிந்து ஒரு இரவு தூங்கி எழுந்தபின், தளத்தின் பொது மார்க்கைத் திறக்காமல், முதலில் அந்த வகைக்கான மூன்று கேள்விக்குப் பதில், அதிலிருந்து தரத்துக்கு ஓர் எண், பிறகு பிடித்தத்துக்கு ஓர் எண். பொது மார்க் 8.6 என்று கண்ணில் பட்டுவிட்டால், நாம் போட நினைத்த 6 தானாகவே 7 ஆகிவிடும். அந்த நகர்தலை நம்மாலேயே பிடிக்க முடியாது.

மற்றவர்களின் மார்க்கைப் படிக்கவும் இது உதவுகிறது, சொல்லப்போனால் அதிகம் உதவுவது அங்கேதான். மெக்கா ரசிகர் ஒரு மெக்கா தொடருக்கு 9 போட்டால் அதில் செய்தி குறைவு. பத்து மெக்காவுக்கு 4, 5 என்று போட்டுக்கொண்டே வந்த ஒருவர் பதினொன்றாவதற்கு 7 போட்டிருந்தால், அந்த வகையைப் பார்த்தே இராத உங்களுக்கு அதுதான் தொடங்க வேண்டிய இடம். அதேபோல இசேகாய் (வேறொரு உலகத்தில் போய் விழும் கதை) நூறு பார்த்தவர் ஒரு இசேகாய்க்கு 5 போட்டால் காது கொடுங்கள். வகையின் வழக்கமான குறைகளையெல்லாம் மன்னித்துப் பழகியவர் மன்னிக்காத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. எது என்று அவரையே கேட்டுவிடுங்கள்.

நண்பருக்குப் பரிந்துரைக்கும்போதும் ஒற்றை எண்ணைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். முஷிஷிக்கு 6 போட்டவர் தன் குறிப்பில் இப்படி எழுதலாம்: "தரம் 9, எனக்கு 6. எபிசோடுக்கு ஒரு தனிக்கதை, சண்டை கிடையாது. ராத்திரி தூங்குவதற்கு முன் ஒன்று வீதம் பார்ப்பவருக்கு. நான் நாலு நாளில் 26-உம் ஓட்டினேன்."